நிறம் பிரித்தறியாத ஓவியரிடம் நிலக்காட்சி பயின்றவர்: பால் ஹென்றியும் மேபல் யங்கும்

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரை என்றதும் அந்நாட்டவர் மனத்தில் எழும் காட்சி ஒன்று உண்டு. வானில் மலைபோல் குவிந்த வெண்முகில்கள், அவற்றின் கீழே நீல மலைகள், மலையடியில் ஓலை வேய்ந்த இரண்டு மூன்று வெள்ளைக் குடிசைகள், முன்னால் கரிய சதுப்பு நிலம். இக்காட்சியை அவர்கள் மனத்தில் பதித்தவர் பால் ஹென்றி (1876–1958). பெல்பாஸ்ட் நகரில் பாப்டிஸ்ட் சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு இருந்தது.

இவரிடம் ஓவியம் பயின்று, பின்னர் தாமும் நிலக்காட்சி ஓவியராக அறியப்பட்டவர் மேபல் யங் (1889–1974). நிறம் சரியாகத் தெரியாத ஒருவரிடம் இயற்கையை வரையக் கற்றுக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு இந்த இருவரின் வரலாறு விடை தருகிறது. அந்த விடையைப் புரிந்துகொள்ள, முதலில் குறைபாட்டைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

குறைபாடு என்ன?

பேச்சு வழக்கில் இதை 'நிறக்குருடு' என்கிறோம். அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. இக்குறைபாடு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் உலகைக் கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பதில்லை. விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. அவற்றில் ஒரு வகை இல்லாமலோ, சற்று மாறியோ இருந்தால் சில நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பும். சிவப்பு–பச்சைக் குழப்பமே மிகுதி. இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது. வட ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 12 ஆண்களுக்கு ஒருவருக்கும், 200 பெண்களுக்கு ஒருவருக்கும் இது உண்டு. இவர்களுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும். வெளிச்சம் எது, இருள் எது என்பதும் தெரியும்.

இக்குறைபாட்டை முதலில் அறிவியல் முறையில் விவரித்தவர் அணுக் கொள்கையால் நம் பாடநூல்களில் இடம்பெற்ற ஜான் டால்டன். 1794-ல் மான்செஸ்டர் நகரக் கழகம் ஒன்றில் தம் கண்களைப் பற்றியே கட்டுரை வாசித்தார். ஜெரேனியம் பூ பகலில் தமக்கு நீலமாகவும் மெழுகுவத்தி ஒளியில் சிவப்பாகவும் தெரிந்ததாக அதில் சொன்னார். தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதே காரணம் என்பது அவர் எண்ணம். 1844-ல் அவர் இறந்தபின் கண்களைச் சோதித்தபோது அது தவறு என்று தெரிந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட அந்தக் கண்ணிலிருந்து 1995-ல் டி.என்.ஏ. எடுத்து ஆராய்ந்த பிறகுதான், பச்சை ஒளியை உணரும் கூம்பு செல்லே அவருக்கு இல்லை என்பது உறுதியாயிற்று.

ஓவியரைப் பொறுத்தவரை இக்குறைபாடு தொழிலையே மாற்றிவிடலாம். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாக இருந்து நியூசிலாந்து வரை சென்று வந்த சார்ல் மெரியோன் (1821–1868) ஓவியராக விரும்பினார். நிறம் தடையாக இருந்ததால் வண்ணத்தையே விட்டுவிட்டு, செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்து அச்செடுக்கும் எட்சிங் முறைக்கு மாறினார். 1850 முதல் 1854 வரை அவர் உருவாக்கிய பாரிஸ் நகரக் காட்சிகள் இன்றும் போற்றப்படுகின்றன. ஆனால் பால் ஹென்றி வண்ணத்தை விடவில்லை. அதற்குக் காரணம் அவர் பெற்ற பயிற்சி என்பது என் கருத்து.

விஸ்லரின் வண்ணத்தட்டு

இளமையில் ஹென்றி, பெல்பாஸ்ட் லினன் ஆலை ஒன்றில் டமாஸ்க் துணி வடிவமைப்புப் பயிற்சியாளராகச் சிறிது காலம் இருந்தார். டமாஸ்க் மேசை விரிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெள்ளையில் வெள்ளையாகவே பூ வேலைப்பாடு இருக்கும். நெசவின் திசை மாறுவதால் ஒளி வேறு விதமாகப் பட்டுத் தெறிக்கும். அதனால்தான் பூ கண்ணுக்குத் தெரிகிறது. நிறத்துக்கு அங்கே வேலையே இல்லை.

1898-ல் அவர் பாரிஸ் சென்றார். அகாதெமி ஜூலியனில் சேர்ந்தார். பிறகு அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் கற்பித்த அகாதெமி கார்மனிலும் பயின்றார். அந்தப் பள்ளி 1898 முதல் 1901 வரை மட்டுமே நடந்தது. விஸ்லர் எப்போதாவதுதான் வருவார். வந்தால் மாணவர் வரைந்ததைவிட அவர் கையில் இருக்கும் வண்ணத்தட்டையே கூர்ந்து பார்ப்பாராம். தட்டில் வண்ணங்கள் வைக்கும் வரிசை மாறக் கூடாது. நடுவில் வெள்ளை. அதற்கு இடப்புறம் மஞ்சள் காவி, பழுப்புகள், நீலங்கள். வலப்புறம் சிவப்பு வகைகள், கடைசியில் கறுப்பு. படத்துக்குத் தேவையான வெளிர்வு, அடர்வு நிலைகள் அனைத்தையும் தட்டிலேயே குழைத்து ஒழுங்கு செய்த பிறகுதான் தூரிகை கேன்வாஸைத் தொட வேண்டும்.

மற்ற மாணவர்களுக்கு இது ஒரு கெடுபிடியாகத் தோன்றியிருக்கலாம். சிவப்பு–பச்சை குழம்பும் மாணவருக்கோ இது கைத்தடி. எந்தக் குவியல் எந்த வண்ணம் என்பதை அதன் இடமே சொல்லிவிடும். கண்ணை நம்ப வேண்டியதில்லை. ஓவிய ஆசிரியர்கள் 'டோன்' என்று சொல்லும் வெளிர்–அடர் அளவைக் கண்ணே பார்த்துக்கொள்ளும். விஸ்லர் இதை ஹென்றியின் குறைபாட்டுக்காக வகுக்கவில்லை. எல்லாருக்கும் அவர் சொன்ன பாடமே அதுதான். அது இவருக்குப் பொருந்திப்போயிற்று என்று நான் கருதுகிறேன்.

அக்கில் தீவு

1900-ல் லண்டன் சென்று, பத்திரிகைகளுக்குக் கரிக்கோல் சித்திரங்கள் வரைந்து பிழைத்தார் ஹென்றி. 1903-ல் ஸ்காட்லாந்து ஓவியர் கிரேஸை மணந்தார். எழுத்தாளரான நண்பர் ராபர்ட் லிண்ட், மயோ மாவட்டக் கடலோரத்திலுள்ள அக்கில் தீவைப் பற்றி வியந்து சொன்னதைக் கேட்டு 1910-ல் அங்கே போனார். சில நாள் தங்குவதாகத்தான் திட்டம். லண்டன் திரும்புவதற்கான பயணச்சீட்டைக் கிழித்துக் கடலில் எறிந்துவிட்டதாகப் பிற்காலத்தில் தன்வரலாற்றில் எழுதினார். எறிந்தாரோ இல்லையோ, 1919 வரை அந்தத் தீவை வாழிடமாகக் கொண்டார் என்பது உண்மை.

அங்கே திறந்தவெளியில் வரைவது எளிதாக இல்லை. அட்லாண்டிக் காற்று, நொடிக்கு நொடி மாறும் மழை வெளிச்சம். தீவு மக்கள் தங்களைப் படம் வரைவதை விரும்பவில்லை. எனவே மறைவாக விரைந்து குறிப்பு எடுத்துக்கொண்டு, வீட்டில் வந்து வண்ணம் தீட்டுவார். உருளைக்கிழங்கு தோண்டுவோர், கரக் எனப்படும் படகைக் கடலில் தள்ளுவோர் என முதலில் உழைக்கும் மக்களையே வரைந்தார். பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் தாக்கம் இதில் தெரியும். 'கரக் படகைக் கடலில் இறக்குதல்' (1910–11) இப்போது டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மேற்கு அயர்லாந்துப் பெண்கள் அக்காலத்தில் சிவப்புக் கம்பளிப் பாவாடை உடுத்துவார்கள். பச்சைப் புல்வெளியில் சிவப்புப் பாவாடை நமக்குப் பளிச்சென்று தெரியும். இரண்டும் ஒரே அளவு அடர்வாக இருந்தால், சிவப்பு–பச்சை குழம்பும் கண்ணுக்கு உருவமே நிலத்தில் கரைந்துவிடும். அப்படிப்பட்ட ஓவியர் உருவத்தைப் பிரித்துக் காட்ட ஒன்றை வெளிர வைக்க வேண்டும், இல்லையேல் மற்றதை அடர வைக்க வேண்டும். ஹென்றியின் படங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் அவற்றின் அமைப்பு குலையாமல் நிற்பதை, கைப்பேசியில் படத்தின் நிறத்தை நீக்கிப் பார்க்கும் எவரும் காணலாம்.

நாளடைவில் மனிதர்கள் படங்களிலிருந்து மறைந்தார்கள். நிலமும் வானமும் மட்டும் நின்றன. 'விடியல், கில்லரி துறைமுகம்' (1922–23) என்ற படத்தில் ஏறக்குறைய ஒரே நிறத்தின் படிநிலைகள்தான் உள்ளன. மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகின்றன. நீர் அசைவதில்லை. பாரிஸின் லக்ஸம்பர்க் அருங்காட்சியகம் 1922-ல் இவருடைய படம் ஒன்றை வாங்கியது. 1925-ல் ரயில்வே நிறுவனம் ஒன்று இவருடைய கானமாரா காட்சியைச் சுவரொட்டியாக வெளியிட்டதும் புகழ் பரவிற்று.

இவருடைய நீலத்துக்குக் குறைபாடுதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஈரக் காற்றின் ஊடே பார்த்தால் தொலைமலை யார் கண்ணுக்கும் நீலம்தான். நம் ஊரில் மழை நின்ற மறுநாள் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

மாணவி

மேபல் யங் இங்கிலாந்தின் ஒயிட் தீவில் பிறந்தவர். 1914-ல் டப்ளினுக்கு வந்து ஷெல்போர்ன் ஹோட்டலில் பணியாற்றினார். 1920-களில் ஹென்றியைச் சந்தித்த பிறகே ஓவியத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு முப்பது வயதைத் தாண்டியிருந்தது. கிரேஸும் ஹென்றியும் பிரிந்த பின், மேபலும் ஹென்றியும் விக்லோ மாவட்டத்தில் மலையடிவாரக் குடிசை ஒன்றில் வாழ்ந்தனர். அந்த மலைகளும் சாலைகளும் மரங்களுமே மேபலின் பாடங்கள். 1920-களின் இறுதியிலிருந்து ராயல் ஹைபர்னியன் அகாதெமியின் ஆண்டுக் கண்காட்சிகளில் அவர் படங்கள் இடம்பெற்றன. ('ஹைபர்னியன்' என்பது அயர்லாந்தின் பழைய லத்தீன் பெயரான ஹைபர்னியாவிலிருந்து வந்தது.) 

மேபலுக்கு நிறம் தெரியும், ஆசிரியருக்குக் குழம்பும். ஆனாலும் ஆசிரியரிடம் பெறக் கூடியது நிறைய இருந்தது. எதை விடுவது, வானத்துக்கு எத்தனை பங்கு கொடுப்பது, எந்த மலை எந்த மலையைவிட ஒரு படி வெளிறியது: இவற்றுக்கெல்லாம் சிவப்பும் பச்சையும் வேண்டியதில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு காட்சியைப் பார்த்தால் நிறங்கள் மங்கி, ஒளியும் நிழலும் மட்டும் பெரிய துண்டுகளாகத் தெரியும். வெளியில் வரையப் பழகும் மாணவர்கள் முதலில் பென்சிலால் அந்த நான்கைந்து துண்டுகளை வரைந்துகொண்டு, பிறகு வண்ணப் பெட்டியைத் திறப்பது நல்லது.

இதை எழுதும்போது என் வகுப்பில் இருந்த ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். எட்டாம் வகுப்பு. இயற்கைக் காட்சி வரையச் சொன்னபோது தென்னை ஓலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டியிருந்தான். "கண் எங்கே இருக்கிறது?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு அவன் ஓவிய வகுப்பில் வண்ணத்தைத் தொடவே இல்லை. சில மாதங்கள் கழித்து, பச்சைப் பலகையில் நான் சிவப்புச் சுண்ணக்கட்டியால் கோடிட்ட சொற்களை அவன் மட்டும் விட்டுவிட்டு எழுதியதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவன் தீட்டிய அந்தப் படத்தில் ஓலைகளின் நிழல் மிகச் சரியாக விழுந்திருந்தது. பழுப்பைப் பார்த்த நான் அதைப் பார்க்கவில்லை. வண்ணக் குச்சிகளின் மேல் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்திருந்தாலே போதும். அதற்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

பிற்காலம்

1945-ல் பால் ஹென்றி பார்வையை இழந்தார். இம்முறை போனது நிறம் மட்டும் அன்று. அதற்குப் பின் அவர் ஓவியம் தீட்டவில்லை. 1951-ல் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. 1953-ல் கிரேஸ் மறைந்த பின்னரே மேபலை முறைப்படி மணந்தார். 1958-ல் டப்ளினுக்குத் தெற்கே பிரே என்ற கடற்கரை ஊரில் காலமானார். மேபல் ஓவியம் வரைவதை நிறுத்தவில்லை. கணவர் மறைந்த பிறகும் அவருடைய விக்லோ காட்சிகள் அகாதெமிக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. ஹென்றியின் எஞ்சிய நினைவுக் குறிப்புகள் நூலாக 1973-ல் வந்தன. அடுத்த ஆண்டு மேபல் மறைந்தார்.