ஆன்லைனில் கேரள லாட்டரி வாங்கலாமா? 25 கோடி விழுந்தால் கையில் எவ்வளவு வரும்?

ஓணம் நெருங்கினால் போதும், "கேரளா பம்பர் டிக்கெட், வீட்டிலிருந்தே வாங்கலாம்" என்று உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு லிங்க் வந்துவிடும். யுபிஐ-யில் பணம் அனுப்பினால் டிக்கெட்டின் போட்டோ வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கேரள அரசு லாட்டரியை ஆன்லைனில் விற்பதில்லை. காகித டிக்கெட் மட்டும்தான். அந்த போட்டோ நிஜ டிக்கெட்டுடையது என்றே வைத்துக்கொள்வோம். பரிசு கேட்க அசல் டிக்கெட் வேண்டுமே, அது யார் கையில் இருக்கிறது?

லாட்டரி இந்தியாவில் சட்டப்படி சரியா, தப்பா?

அது நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1998-ம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி மாநில அரசுகள் லாட்டரி நடத்தலாம். வேண்டாம் என்றால் தடை செய்யலாம். கேரளா, பஞ்சாப், மேற்கு வங்கம், நாகாலாந்து, சிக்கிம் போன்றவை நடத்துகின்றன. கேரளாவில் 1967-ல் தொடங்கி, முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ல் நடந்தது. டிக்கெட் 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2003 முதல் எந்த மாநில லாட்டரியையும் விற்க முடியாது.

தனியார் லாட்டரிக்கு எங்குமே இடமில்லை. செல்போன் ஆப் வழியாகப் பணம் கட்டி ஆடுவதற்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் தடை போட்டிருக்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை, ஆனால் போன பணத்தை மீட்பது லேசான காரியமில்லை.

வெளிநாட்டில் எப்படி?

நம்ம ஊர் டிக்கெட்டில் நம்பர் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். அமெரிக்காவின் பவர்பால் மாதிரி ஆட்டங்களில் நம்பரை நீங்களே தேர்வு செய்ய வேண்டும்: 69 எண்களில் 5, தனியாக 26-ல் 1. எல்லாம் பொருந்த வாய்ப்பு ஏறக்குறைய 29 கோடியில் ஒன்று. யாருக்கும் பொருந்தாவிட்டால் பரிசுத்தொகை அடுத்த குலுக்கலுக்குப் போய்ச் சேர்ந்து வளரும். 2022 நவம்பரில் அது 204 கோடி டாலரைத் தொட்டது இப்படித்தான். கேரள பம்பரில் விற்ற டிக்கெட்டுகளுக்குள்ளேயே முதல் பரிசைக் குலுக்குகிறார்கள். அதனால் யாரோ ஒருவருக்கு நிச்சயம் விழும்.

"இந்தியாவிலிருந்தே பவர்பால் ஆடுங்கள்" என்று அழைக்கும் தளங்கள் இரண்டு வகை. ஒன்று, அங்கே ஆள் வைத்து உங்கள் பேரில் டிக்கெட் வாங்குவதாகச் சொல்பவை. மற்றொன்று டிக்கெட்டே வாங்காது. குலுக்கல் முடிவின் மீது நீங்கள் பந்தயம் கட்டுகிறீர்கள், ஜெயித்தால் அந்த கம்பெனிதான் பணம் தர வேண்டும். இந்த வித்தியாசம் பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. எந்த வகையானாலும், லாட்டரி டிக்கெட் வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்கின்றன.

சரி, 25 கோடி விழுந்தால்?

2022 முதல் ஓணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி. டிக்கெட் 500 ரூபாய். பரிசுத்தொகையில் 10%, அதாவது 2.5 கோடி ஏஜென்ட் கமிஷன். மீதி 22.5 கோடியில் 30% வருமான வரியாக 6.75 கோடி பிடித்துவிடுவார்கள். கையில் 15.75 கோடி. பலர் கணக்கை இத்தோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் சர்சார்ஜும் செஸ்ஸும் நீங்கள்தான் தனியாகக் கட்ட வேண்டும். 2022-ல் இருந்த விகிதப்படி அதையும் கழித்தால் சுமார் 12.9 கோடிதான். இது தவிர, டிக்கெட் விலையிலேயே ஜிஎஸ்டி அடக்கம். அது 2025 செப்டம்பர் 22 முதல் 28%-லிருந்து 40% ஆகிவிட்டது.

பரிசு விழுந்தால் டிக்கெட்டின் பின்புறம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, குலுக்கல் நடந்த 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய் வரையிலான பரிசை லாட்டரி கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

டிக்கெட்டே வாங்காத உங்களுக்கு "பரிசு விழுந்திருக்கு, வரி மட்டும் முன்கூட்டியே கட்டுங்க" என்று போன் வந்தால்? மேலே பார்த்தபடி, 30% வரியைப் பரிசிலிருந்துதான் பிடிப்பார்கள், உங்களிடம் முன்பணம் கேட்க மாட்டார்கள். பணம் அனுப்பிவிட்டிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.