உழைச்செல்வாரும் நோய்நாடலும்: செவிலியர் தீர்மானத்தின் வரலாறு

‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கு கூறுகளை எண்ணுகிறார். அருகிருந்து பணிசெய்பவரும் மருத்துவத்தின் ஒரு கூறே என்பது அவர் கொள்கை. ஆயின் நோயையும் அதன் முதலையும் நாடவேண்டும் என்று கூறுமிடத்தில், நாடுபவர் யார் என்பதற்கு எழுவாய் தரவில்லை. உரையாசிரியரான பரிமேலழகர் அவ்விடத்தை மருத்துவனைக் கொண்டு நிரப்பினார். பிற்கால மருத்துவமனைகளும் அவ்வாறே நிரப்பின. நாடுதல் மருத்துவருக்கும், சொன்னதைச் செய்தல் செவிலியருக்கும் உரியவை என்னும் பிரிவினை வலுப்பெற்ற விதத்தையும் தளர்ந்த விதத்தையும் ஈண்டு ஆராய முற்படுகிறோம். இது திருச்சபையினரான நமக்குப் புறம்பான செய்தியன்று. அப்பிரிவினையை வலுப்படுத்தியதில் நமக்கும் பங்குண்டு.

1836-ஆம் ஆண்டு ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரில் தியோடோர் பிளீட்னர் என்ற புரோட்டஸ்டாந்து போதகரும் அவருடைய மனைவி பிரெடெரிக்கேயும் டீக்கனெஸ் சகோதரிகளுக்கான இல்லத்தைத் தொடங்கினர். பெபேயாளின் பணியை மீண்டும் திருச்சபையில் நிலைநாட்டுவது அவர்கள் நோக்கம். முதற்சகோதரியாகச் சேர்ந்த கெர்ட்ரூட் ரைக்கார்ட் ஒரு மருத்துவரின் மகள். தந்தையின் நோயாளிகளைப் பேணி ஏற்கெனவே பழகியவர். எனவே நோயைக் காணத் தெரிந்த ஒரு பெண்ணோடுதான் இவ்வமைப்புத் தொடங்கிற்று. ஆயினும் இல்லத்தின் ஒழுங்குகள் கீழ்ப்படிதலையே முதன்மையாக்கின. மருத்துவரின் கட்டளைக்கும் போதகரின் கட்டளைக்கும் சகோதரி உட்பட்டவர். தாழ்மை என்னும் நற்பண்பும், தீர்மானிக்கும் உரிமையின்மை என்னும் சட்டமும் ஒன்றாகவே கருதப்பட்டன. இவ்விரண்டும் வேறானவை என்பதைத் திருச்சபை அன்று போதிய அளவு உணரவில்லை என்பதே நம் கருத்து.

பிளாரென்ஸ் நைட்டிங்கேல் 1850-இல் கைசர்ஸ்வெர்த்தைக் கண்டு, 1851-இல் அங்கு ஏறத்தாழ மூன்று மாதம் பயின்றார். கிரிமியப் போர்க்காலத்தில், 1854-இல், 38 பெண்களுடன் ஸ்கூட்டாரிக்குச் சென்ற வரலாற்றை நம் வாசகர் அறிவர். விளக்கேந்திய பெண்மணி என்ற புகழ், அவருடைய கூர்மையான அறிவைப் பலர் கண்ணுக்கு மறைத்துவிட்டது. செவிலியம் பற்றி அவர் எழுதி 1859-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த சிறுநூலில் நோயாளியை உற்றுநோக்குவது குறித்துத் தனி அதிகாரமே உண்டு. விடையைத் தன்னுள்ளேயே கொண்ட கேள்விகளை அவர் கடிகிறார். இரவு நன்றாகக் கழிந்ததா என்று கேட்டால் கிடைப்பது மரியாதையான மறுமொழியே. எத்தனை மணி நேரம் உறங்கினார், இரவின் எப்பகுதியில் உறங்கினார் என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். (மருத்துவமனைச் சந்திப்புக்குச் செல்லும் நம் இறையியல் மாணவரும் இவ்வதிகாரத்தைப் படித்தல் நலம்.) ஆயினும் நைட்டிங்கேலும் மருத்துவரின் ஆணையை அறிவோடு நிறைவேற்றுவதையே செவிலியரின் கடமையாகக் கண்டார். காணும் கண்ணைச் செவிலியருக்கு அளித்த அவர், முடிவுரைக்கும் வாயை அளிக்கவில்லை.

கருவிகளின் வரலாறு வேறு திசையில் சென்றது. 1866-இல் தாமஸ் கிளிஃபர்ட் ஆல்பட் ஏறக்குறைய ஆறு அங்குல நீளமுள்ள வெப்பமானியை வகுத்தார். அதற்கு முன்பிருந்தது ஓரடி நீளமுடையது. அளவைக் காட்ட இருபது நிமிடம் பிடிக்கும். கருவி சிறுத்ததும் அது செவிலியர் கைக்கு வந்தது. இரத்த அழுத்தமானியும் இவ்வாறே காலப்போக்கில் கைமாறிற்று. எனினும் எண்ணைக் குறிப்பது ஒருவர் பணி, அதன் பொருளை உரைப்பது மற்றொருவர் பணி என்ற எல்லை அழியவில்லை. 1955-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கமே தன் தொழிலுக்கு வகுத்த இலக்கணத்தில், நோயைத் தீர்மானிப்பதும் சிகிச்சை விதிப்பதும் செவிலியத்தில் அடங்கா என்று எழுதிற்று. பிறர் இட்ட வேலியைவிடத் தாமே இட்டுக்கொண்ட வேலி கடத்தற்கரியது.

அதைக் கடந்தவருள் முதன்மையானவர் லொரெட்டா ஃபோர்ட். கொலராடோ மாநிலத்தில் பொதுச் சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றிய அவர், மருத்துவர் எளிதில் எட்டாத ஊர்களில் குழந்தைகளின் நிலையைக் கண்டவர். 1965-இல் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரோடு இணைந்து, கொலராடோப் பல்கலைக்கழகத்தில் உயர்நிலைச் செவிலியருக்கான முதற்பயிற்சியைத் தொடங்கினார். எதிர்ப்பு மருத்துவரிடமிருந்து மட்டும் எழவில்லை. மார்த்தா ராஜர்ஸ் போன்ற செவிலிய அறிஞரும், இது செவிலியத்தை மருத்துவத்தின் நிழலாக்கிவிடும் என்று அஞ்சி எதிர்த்தனர். அவ்வச்சத்தை இகழ்வதற்கில்லை. ஃபோர்ட் 2025-இல் தம் 104-ஆம் வயதில் மறைந்தார்.

இச்செவிலியர் கற்பது யாது? வரலாறு கேட்டல், பார்த்தல், தொட்டறிதல், தட்டியறிதல், ஒலி கேட்டல் என்பன கற்பிக்கத்தக்க திறன்கள். அவற்றை ஒன்றுகூட்டி முடிவுக்கு வருதலே கடினம். காய்ச்சலும் இருமலுமுள்ள இரு குழந்தைகளைக் கொள்வோம். இருவருக்கும் வெப்பநிலை ஒன்றே. முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணவேண்டும். இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரையுள்ள குழந்தைக்கு 50-ம், ஐந்து வயதுக்குட்பட்ட பெரிய குழந்தைக்கு 40-ம் எட்டினால் அது விரைமூச்சு என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. மூச்சை இழுக்கையில் கீழ்மார்பு உள்வாங்குகிறதா, தாய்ப்பால் அருந்துகிறதா, அழைத்தால் விழிக்கிறதா என்பவற்றையும் காணவேண்டும். பின்னரே ஒரு குழந்தையை வீட்டுக்கும் மற்றதை மருத்துவமனைக்கும் அனுப்ப இயலும். அருகில் மருத்துவர் இல்லாத ஊரில் இத்தீர்மானத்தை யாரோ ஒருவர் எடுத்தே தீரவேண்டும். பயிற்சியோடும் பொறுப்போடும் எடுக்கப்படுகிறதா, அன்றி மறைவில் எடுக்கப்படுகிறதா என்பதே உண்மையான வினா.

இது வெறும் வாதமாக நிற்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் பர்லிங்டன் என்னுமிடத்தில் 1,598 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை மருத்துவரிடமும் மற்றொரு பகுதியினரை உயர்நிலைச் செவிலியரிடமும் முதலில் அனுப்பினர். முடிவு 1974-இல் வெளிவந்தது: இரு பகுதியினரின் உடல்நலமும் ஒத்திருந்தது. மருத்துவரின் ஆலோசனையின்றிச் செவிலியர் தாமே முடித்த சந்திப்புகள் நூற்றுக்கு 67. இதற்குள் சட்டமும் நகரத் தொடங்கிவிட்டது. 1971-இல் ஐடஹோ மாநிலமும் 1972-இல் நியூயார்க்கும் செவிலியருக்கான தம் சட்டங்களை மாற்றின.

எண்களால் மட்டும் தீர்மானம் பிறப்பதில்லை என்பதை 1984-இல் பட்ரீசியா பென்னர் தம் நூலில் விளக்கினார். நெடுநாள் அனுபவமுள்ள செவிலியர், நாடியும் அழுத்தமும் மாறுமுன்னரே நோயாளியிடம் ஏதோ தவறு நேர்கிறது என்பதை அறிகிறார். அதன் காரணத்தை உடனே அவரால் சொல்ல இயலாது. இதை அருள்வரம் போல் போற்றுவோரும், மூடநம்பிக்கை போல் தள்ளுவோரும் உளர். இரண்டும் பிழை. ஆயிரம் நோயாளிகளின் நினைவு ஒரு கணத்தில் திரள்வதே அது. ஆகையால் அது தவறவும் கூடும், சோதிக்கப்படவும் வேண்டும். பிரிட்டனில் 2012-இல் வகுக்கப்பட்ட முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை மூச்சு, உயிர்வளி, அழுத்தம், நாடி, உணர்வுநிலை, வெப்பம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் இடுகிறது. மொத்தம் ஏழானால் அவசர உதவி அழைக்கப்பட வேண்டும். புள்ளி குறைவாயினும் செவிலியர் மனம் அமைதியுறாவிடில் அழைக்கலாம் என்பதே நல்ல மருத்துவமனைகளின் வழக்கம்.

நம் நாட்டில் ஐடா ஸ்கடர் 1909-இல் வேலூரில் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. ஆணைக்குக் காத்திருக்கும் கைகளாக மட்டும் இராமல் அறிவுடைய துணைவராகச் செவிலியர் விளங்கவேண்டும் என்னும் எண்ணத்திற்குப் பல்கலைக்கழகப் பட்டம் ஒரு சான்று. 2017-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை உயர்நிலைச் செவிலியர் என்னும் பிரிவை ஏற்படுத்தப் பரிந்துரைத்தது. தீவிர சிகிச்சைக்கான ஈராண்டு முதுநிலைப் பயிற்சியை இந்தியச் செவிலியர் குழுமமும் வகுத்தது. அவர்கள் நிறுவனத்தின் நிலையாணைகளுக்கு உட்பட்டே சிகிச்சை விதிக்கின்றனர். சிற்றூர் மிஷன் மருத்துவமனைகளில் நள்ளிரவில் தனித்து நின்ற சகோதரிகளோ, நிலையாணை எதுவும் எழுதப்படாத நாளிலேயே தீர்மானித்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய இரவுப் பதிவேடுகள் பழைய மருத்துவமனைகளின் அலமாரிகளில் எஞ்சியிருக்குமாயின், அவற்றைத் தேடிக் காப்பது திருச்சபை வரலாற்று மாணவர்க்குரிய பணியாகும்.