பச்சைக் கட்டம்

ராஜாக்களுக்குச் சரித்திரம் உண்டு. கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் உண்டு. ஒரு பேட்டையின் மூலையில் நாலு பெஞ்சும், ஒரு சறுக்கு மரமும், பத்துப் புங்க மரங்களுமாகக் கிடக்கிற பூங்காவுக்குச் சரித்திரம் உண்டா என்று கேட்டால் பலர் சிரிப்பார்கள். உண்டு, அதில் ஆசையும் வியாபாரமும் அரசியலும் தாராளமாக உண்டு என்பது என் கட்சி.

நான் இருப்பது ஓசூரில். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இந்த ஊர் வளர்ந்த வளர்த்தி கொஞ்சநஞ்சமல்ல. 2019ல் மாநகராட்சியாகவே ஆகிவிட்டது. கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். இங்கே ஒரு பேச்சு தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் நடந்து, கன்னடத்தில் முடிந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ராகி விளைந்த நிலத்திலெல்லாம் இன்று மனைக் கற்கள் நிற்கின்றன. மனை விற்பவர் விரித்துக் காட்டும் வரைபடத்தில், வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே பச்சை வர்ணம் தீட்டிய கட்டம் ஒன்று இருக்கும். "பூங்கா" என்று அதன்மேல் எழுதியிருக்கும். "குழந்தைகளுக்கு விளையாட இடம் இருக்குதுங்க" என்பார். வாங்குகிறவரின் மனைவி அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நேரம் கண்ணை வைத்திருப்பாள். அந்தப் பச்சைக் கட்டத்தின் பூர்வோத்தரம்தான் நான் சொல்ல வந்தது.

வீட்டு மனையையும் பூங்காவையும் முடிச்சுப் போடும் யோசனை நம்மவருடையது அல்ல. இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்க்கன்ஹெட் என்ற ஊரில், சதுப்பு நிலத்தை ஊர்ப் பணத்தில் வாங்கி, 1847ல் ஒரு பூங்காவைத் திறந்தார்கள். அமைத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். பின்னால் லண்டனில் பளிங்கு மாளிகை என்று பேர்போன கண்ணாடிக் கட்டடத்தைக் கட்டினாரே, அவரேதான். பூங்காவைச் சுற்றியிருந்த நிலத்தை மனைகளாக விற்றுச் செலவை ஈடுகட்டுவது ஊராரின் கணக்கு. 1850ல் அங்கே போன ஆம்ஸ்டெட் என்ற அமெரிக்கர், ஏழை எளியவரும் தம் சொந்தச் சொத்துப்போல் அதில் உலவுவதைக் கண்டு வியந்தார். அவர்தான் பிறகு இன்னொருவரோடு சேர்ந்து நியூயார்க் நகரத்தின் நடுவிலுள்ள பெரிய பூங்காவைத் திட்டமிட்டவர்.

அந்த அலை சென்னைப் பட்டணத்துக்கும் வந்தது. 1859ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யனின் முயற்சியில், இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷனை அடுத்து 116 ஏக்கரில் 'பீப்பிள்ஸ் பார்க்' உருவாயிற்று. குளங்கள், வண்டிப் பாதைகள், மிருகக் காட்சிசாலை எல்லாம் அதில் இருந்தன. எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையைச் 'செத்த காலேஜ்' என்றும், இந்த மிருகக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் ஜனங்கள் அழைத்தார்கள். காலேஜில் படித்தவர்களுக்கு இவ்வளவு அழகாகப் பெயர் வைக்கத் தெரிந்திருக்காது!

அந்த 116 ஏக்கர் என்ன ஆயிற்று? கதை எழுதிப் பழகிய எனக்கு, இந்த இடத்தில் ஒரு வில்லன் தேவைப்பட்டான். தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. 1880களில் நாடகமும் கூட்டமும் நடக்க விக்டோரியா மண்டபம் எழுந்தது. நல்ல காரியந்தானே? 1900ல் மூர் மார்க்கெட் வந்தது. பழைய புத்தகம் தேடி அங்கே அலைந்தவர்கள் அதைக் குறை சொல்வார்களா? 1913ல் நகரசபைக்கு ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. பிறகு விளையாட்டு அரங்கம். ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியதுதான். எல்லாம் சேர்ந்து பூங்காவைத் தின்று தீர்த்தன. 1985ல் மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. மிருகங்கள் வண்டலூருக்குக் குடிபோயின. இன்று 'பார்க் ஸ்டேஷன்' என்று டிக்கெட் வாங்கி இறங்குகிறவர்களில் எத்தனை பேர் எந்தப் பார்க் என்று கேட்கிறார்கள்? மரம் போய்விட்டது, பெயர்ப் பலகை நிற்கிறது.

இரண்டாவது அத்தியாயம் மாம்பலத்தில் நடக்கிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த ஏரி ஒன்று பட்டணத்தின் மேற்கு எல்லையாக இருந்தது. 1915ல் சென்னைக்கு வந்த பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், நம் ஊர்களைச் சுற்றிப் பார்த்து நகர அமைப்புக்கு யோசனை சொன்னவர். குளம் குட்டைகளைத் தூர்க்காதீர்கள், அவை ஊருக்குக் குளிர்ச்சி தருபவை. கொசுதான் கவலை என்றால் மீனும் வாத்தும் விடுங்கள் என்பது அவர் கட்சி. ஆனால் குடியிருக்க இடம் இல்லாத பட்டணம் வாத்துக்கு இடம் கொடுக்குமா? 1920ல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில வருஷங்களில் ஏரி நீர் வடிக்கப்பட்டு, மாம்பலத்தில் புதுப் பேட்டை எழுந்தது. 1925ல் காலமான நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரால் அது தியாகராய நகரம் ஆயிற்று.

அதன் நடுநாயகமாக அமைந்ததுதான் பனகல் பூங்கா. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதன்மந்திரியாக இருந்த பனகல் ராஜாவின் பெயர் அது. உஸ்மான் சாலை, வெங்கடநாராயணா சாலை, ஜி. என். செட்டி சாலை என்று பெரிய மனிதர்களின் பெயர் தாங்கிய சாலைகள் அதை நோக்கி ஓடி வருகின்றன. சற்றுத் தள்ளி டாக்டர் நடேச முதலியாரின் பெயரில் இன்னொரு பூங்கா. கட்சியின் சரித்திரத்தைப் புத்தகத்தில் படிக்காதவர்கள் தியாகராய நகரில் காலார நடந்தாலே தெரிந்துகொள்ளலாம்.

ஏரியை வடித்தவர்கள், அதற்குப் பிராயச்சித்தம் போல ஒரு பச்சைத் துண்டை விட்டு வைத்தார்கள். தாத்தாக்கள் அரசியல் பேசினார்கள். பேரன்கள் பந்து விளையாடினார்கள். சுற்றிலும் வீடுகள் போய்த் துணிக்கடலும் நகைக்கடலும் வந்தபோதும் பூங்கா நின்றது. 2020களில் மெட்ரோ ரயிலின் சுரங்க நிலையத்துக்காக அதிலும் ஒரு பகுதியைத் தகரம் வைத்து அடைத்தார்கள். ரயில் வேண்டாம் என்று யார் சொல்வது? அதுவும் நல்ல காரியந்தான். பீப்பிள்ஸ் பார்க்கின் கதையை அறிந்தவர்களுக்கு மட்டும் வயிற்றில் கொஞ்சம் சங்கடம் செய்யும்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காப்பதற்கென்றே 1959ல் நம் ராஜ்யத்தில் ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒவ்வொரு ஊராட்சி அமைப்பும் தன் எல்லையிலுள்ள பூங்காக்களுக்கு ஜாபிதா எடுத்து வைக்க வேண்டும் என்கிறது அது. இன்றைய விதிப்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனை பிரிப்பவர், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு ஒதுக்கி, நகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தாக வேண்டும். ஓசூர் வரைபடத்தின் பச்சைக் கட்டம் பிறந்தது இப்படித்தான்.

தானப் பத்திரம் என்ற பெயரில்தான் எனக்குக் கொஞ்சம் தகராறு. தானம் என்றால் யாரோ கொடுத்தது, நாம் வாங்கிக்கொண்டது என்று ஆகிவிடுகிறது. உண்மை வேறு. பூங்காவுக்கு விட்ட நிலத்தின் விலையை மற்ற மனைகளின்மேல் ஏற்றித்தான் விற்கிறார்கள். பர்க்கன்ஹெட் காலத்திலிருந்து கணக்கு அதுதான். பவுனை அடகு வைத்து, தொழிற்சாலைச் சம்பளத்தில் மாதத் தவணை கட்டி மனை வாங்கிய ஒவ்வொரு குடும்பமும் அந்தப் பச்சைக் கட்டத்துக்கும் சேர்த்தே பணம் கொடுத்திருக்கிறது. அது நமக்கு இனாமாக வந்ததல்ல.

இது தெரியாததால்தான், காலியாகக் கிடக்கிற இடத்தைக் கண்டதும் நமக்குக் கை துறுதுறுக்கிறது. முதலில் தண்ணீர்த் தொட்டி, பிறகு ரேஷன் கடை, அப்புறம் ஒரு பிள்ளையார், கடைசியில் கல்யாண மண்டபம். எல்லாம் நல்ல காரியங்கள். கேட்பவர்களும் நம் அண்டை அயலார். சண்டைக்குப் போக மனசு வராது. பூங்கா கெட்டவர்களால் சாவதில்லை. நல்லவர்களின் நல்ல எண்ணத்தால் சாகிறது. இந்த ஒரு பாடத்தைத்தான் பட்டணத்தின் 116 ஏக்கர் நமக்கு விட்டுப்போயிருக்கிறது.

ஆகவே, மனை வாங்குகிறவர்கள் தங்கள் பத்திரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், பச்சைக் கட்டத்தின் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். அங்கீகாரம் பெற்ற வரைபடத்தின் நகல் ஒன்று தெருவில் யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். அதைவிட முக்கியம், சாயங்காலத்தில் அந்த இடத்துக்குப் போய் உட்காருவது. மூன்று பாஷையில் வம்பளந்தாலும் சரி, குழந்தைகள் புழுதியில் புரண்டாலும் சரி. ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் அஸ்திவாரக் குழி தோண்டக் கொஞ்சம் கூச்சம் வரும். வெறிச்சோடிக் கிடக்கிற இடத்துக்கு யார் வேண்டுமானாலும் ஒரு நல்ல காரியத்தோடு வந்து நிற்பார்கள்.