எண்ணும் எண்ணிறந்ததும்: ‘ஆயிரம்’ என்னும் சொல்லின் வரலாறு

சித்திரைத் திங்கள் முழுமதி நாளின் வைகறையில், வைகையில் இறங்குதற்கு முன்னர், அழகர் தல்லாகுளத்தில் தங்குவார். திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் சூடிக் களைந்த மாலையை ஏற்பார். பின்னர் ஆயிரம் பொன் சப்பரத்தில் எழுந்தருளுவார். ஆயிரம் பொன் செலவிட்டுச் செய்விக்கப்பட்டதால் அப்பெயர் வந்தது என்பது செவிவழிச் செய்தி. அப்பொன்னை எண்ணிப் பார்த்தவர் இன்று எவருமிலர். எண்ணிப் பார்க்க வேண்டுமென எவரும் கருதியதுமில்லை. ஆற்றின் தென்கரையில் மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டில் அரியநாத முதலியார் எழுப்பிய அம்மண்டபத்தின் தூண்களை எண்ணினோர் 985 எனக் கணக்கிட்டுள்ளனர். திருவரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்திலோ 953 தூண்களே உள்ளன.

ஓரூரின் இரு கரைகளிலும் ஒரே எண்ணுப்பெயர். ஒருபுறம் எண்ணப்படாத ஆயிரம். மறுபுறம் எண்ணியபின் குறைந்து நிற்கும் ஆயிரம். அங்ஙனமாயின் இச்சொல் பொய் கூறுகின்றதா? அன்றி, எண்ணைக் கடந்த வேறொரு பொருளைத் தருகின்றதா? கவிதையிற் சொல்லாட்சியைப் பற்றி எண்ணுவோர்க்கு இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று.

சொல்லின் பிறப்பு

ஒன்று முதல் நூறு வரையுள்ள தமிழ் எண்ணுப்பெயர்கள் திராவிட மொழிகளில் உறவுடையவை. ஆயிரத்திற்கு வந்ததும் அவ்வுறவு கலைகின்றது. தெலுங்கில் ‘வேயி’ என்றும், கன்னடத்தில் ‘சாவிர’ என்றும், மலையாளத்தில் தமிழைப் போன்றே ‘ஆயிரம்’ என்றும் வழங்கும். கன்னடத்தின் பழைய வடிவம் ‘சாசிர’ என்பதாகும். அதனைக் கொண்டு, வடமொழிச் ‘சகஸ்ர’ என்பதே பிராகிருத வழியாகத் திரிந்து ஆயிரமாயிற்று என மொழியியலார் பலர் கொள்வர்.

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இதனை உடன்பட்டாரல்லர். நுண்மணலைக் குறிக்கும் ‘அயிர்’ என்னும் சொல்லினின்று ஆயிரம் பிறந்தது என்பது அவர் கொள்கை. மணல் எண்ணவொண்ணாதது, ஆதலின் அதன் பெயர் பேரெண்ணைக் குறித்தது என்பர். 1981ஆம் ஆண்டு மதுரையில் கூடிய ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டிற் சொற்பொழிவாற்றி, இம்மாநகரிலேயே உயிர் நீத்தவர் அவர். ஒலிமாற்ற நெறியை நோக்கின் முற்கூறிய கொள்கைக்கே சான்று மிகுதி. எனினும் பாவாணரின் விளக்கம், இச்சொல்லைத் தமிழர் எவ்வாறு உணர்ந்தனர் என்பதைக் காட்டும் வகையில் மதிக்கத்தக்கது. எண்ணத் தொடங்கிய கை எண்ண முடியாமல் நிற்கும் இடம் ஆயிரம் என்னும் உணர்வு அதில் உள்ளது.

இவ்வுணர்வு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் ஆயிரத்தைக் குறிக்கும் சொல், செர்மானிய மொழிகளின் தொல்வடிவில் ‘பருத்த நூறு’ எனப் பொருள்பட்டது என்பர். கிரேக்கத்தில் பதினாயிரத்தின் பெயரே எண்ணிறந்ததற்கும் பெயராயிற்று.

இலக்கணமும் கணக்கும்

வந்த வழி எதுவாயினும், தொல்காப்பியர் காலத்திலேயே இச்சொல் தமிழ்க்குடியிற் கலந்துவிட்டது. குற்றியலுகரப் புணரியலில் ஆயிரத்தோடு பிற எண்கள் புணரும் முறை வகுக்கப்பட்டுள்ளது. நூறாயிரத்திற்கும் அங்கே இடமுண்டு. அதற்கு மேற்பட்ட பேரெண்களுக்கோ தாமரை, ஆம்பல், வெள்ளம் எனப் பூவும் நீருமே பெயராயின.

பழைய கணக்கேடுகளில் ஆயிரத்திற்கு ‘௲’ எனத் தனிக்குறி உண்டு. அம்முறையில் சுழியம் இல்லை. இரண்டாயிரத்தை ‘௨௲’ என எழுதினர். நூறாயிரத்தை ‘௱௲’ என எழுதினர். ஆயிரம் இங்கே பிற எண்களைப் பின்னொட்டி நிற்கும் ஓர் அலகாகும்; நெல்லை மரக்காலால் அளப்பது போலப் பேரெண்ணை ஆயிரத்தால் அளந்தனர்.

கல்வெட்டுகளில் இவ்வலகு பெயராகவும் உறைந்தது. முதலாம் இராசராசன் வென்ற நாடுகளுள் ஒன்று ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ எனக் குறிக்கப்படும். அவ்வெண் ஊர்களைக் குறித்ததா, வருவாயைக் குறித்ததா என்பதில் வரலாற்றறிஞர் வேறுபடுவர். கடல் கடந்து வணிகஞ் செய்தோர் தம் குழுவைத் ‘திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்’ என்றனர். 1088ஆம் ஆண்டில் சுமத்திராவின் பாருசில் நிறுத்திய தமிழ்க் கல்வெட்டிலும் அப்பெயரைப் பொறித்தனர். அக்குழுவில் எத்துணைப் பேர் இருந்தனர் என்பதன்று அப்பெயர் சொல்வது. எத்திசையிலும் தாம் உளர் என்பதையே அது அறிவிக்கின்றது.

பத்திமை இலக்கியத்தில்

ஆயிரத்தின் இரு பொருளும் முரணாது இணைந்த இடம் பத்திமை இலக்கியமாகும். ஆயிரம் பேருடையான் எனத் திருமாலைப் பாடுகையில் அங்கே வரையறை இல்லை. ஆயின் நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் நிலை வேறு. பதிக இறுதிகளில் ‘ஆயிரத்துள் இவை பத்து’ என்னும் கருத்து மீண்டும் மீண்டும் வரும். நூலின் பாசுரங்களோ 1102. நூறு பதிகங்கள், பதிகந்தோறும் பதினொரு பாசுரம், ஒரு பதிகத்தில் மட்டும் பதின்மூன்று. பயன் கூறும் இறுதிப் பாசுரங்கள் நூற்றையும் நீக்கினால் 1002 எஞ்சும். ஆகவே அவர் கூறும் ஆயிரம் கணக்கை அடியோடு விட்டதுமன்று; கணக்கிற்குக் கட்டுண்டதுமன்று.

ஆண்டாளோ திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்தாள். அவன் அவற்றை ஏற்றுக்கொள்வானாயின் ஒன்றை நூறாயிரமாகத் தருவதாகவும் கூறினாள். நூறு தடாவை எண்ணி நிறைவேற்றலாம். பிற்காலத்தில் இராமாநுசர் அதனை நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. நூறாயிரத்தை யாரும் நிறைவேற்ற முற்பட்டதாகச் செய்தியில்லை. முன்னது நேர்த்திக்கடன், பின்னது காதல். கேட்டோர் இரண்டையும் பிரித்தறிந்தனர். அவள் மாலையைச் சூடிய அழகர் ஆயிரம் பொன் சப்பரம் ஏறுங்கால், எண்ணிய நூறும் எண்ணாத நூறாயிரமும் தல்லாகுளத்தில் ஒருங்கு கூடுகின்றன.

வழக்காற்றில்

துல்லியம் வேண்டும்போது ஆயிரத்தின்மேற் சில கூட்டுவது தமிழர் வழக்கம். சிலப்பதிகாரத்தில் மாதவி பெற்ற பரிசு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். அவ்வெட்டு, கணக்கின் முத்திரை போன்றது. காலம் செல்ல அதுவும் தேய்ந்தது. இன்று ‘ஆயிரத்தெட்டு வேலை’ என்போர் எதையும் எண்ணியிருப்பதில்லை. அதில் ஒலிப்பது சலிப்பே.

திருமணத்தை ஆயிரங்காலத்துப் பயிர் என்னுங்கால் ஆயிரம் நிலைபேறு. ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்னுங்கால் அருமை. ‘ஆயிரந்தான் இருந்தாலும்’ என்னுங்கால் அது எண்ணுப்பெயராகவே இல்லை. ‘எவ்வளவு’ என்னும் பொருளை ஏற்று, விட்டுக்கொடுத்தலையும் விட்டுக்கொடாமையையும் ஒருங்கே உணர்த்தும் இடைச்சொல் போல ஆகிவிடுகின்றது. சினந்து பிரிந்த உடன்பிறந்தார் மீண்டும் கூடுவதற்கு இத்தொடர் ஒன்றே வாயிலாக நின்ற வீடுகள் தமிழகத்தில் பல.

பாவலர்க்கு உரியது

இவ்வரலாற்றினின்று ஒன்று புலனாகும். ஆயிரம் என்னும் சொல் பொருள் விரிந்தபோதெல்லாம் அதன் அடியில் எண்ணத்தக்க ஒரு பொருள் இருந்தது: தூண், பொன், பாசுரம், தடா. 985 கல்தூண்களைச் செதுக்கி நிறுத்திய பின்னரே அம்மண்டபம் ஆயிரங்கால் ஆயிற்று. எஞ்சிய பதினைந்தை மக்கள் தம் வியப்பால் நிரப்பினர். தூணே இல்லாத வெளியை ஆயிரங்கால் என்றால் அது வெற்றொலி. ஆயிரம் நிலவும் ஆயிரம் கனவும் எளிதில் வந்து விழும் புதுக்கவிதை வரிகள் பல நெஞ்சில் நில்லாமைக்குக் காரணம் இதுவே. மிகைப்படுத்தல் குற்றமன்று, மிகைப்படுத்துதற்கு அடியில் ஒன்றுமில்லாமையே குற்றம்.

பத்தாண்டு நிறைவில் மலர் காணும் இலக்கிய வட்டத்திற்குப் பத்து என்பது ஐயத்திற்கிடமின்றி எண்ணப்பட்ட எண். கூடிய கூட்டங்களும் அரங்கேறிய கவிதைகளும் ஏட்டில் உள்ளவை. திருவாய்மொழியின் ஒவ்வொரு பத்தும் தன்னை ஆயிரத்துள் ஒன்றாகவே கூறிக்கொண்டது; ஆயினும் தன் பத்தினைக் குறைவறப் பாடியபின்னரே அவ்வாறு கூறிற்று.