குரோசியர் முனை

அண்டார்க்டிக்காவின் ராஸ் தீவில், டெரர் எரிமலையின் அடிவாரம் கடலைத் தொடும் கிழக்குக் கோடி. எம்பரர் பென்குயின்கள் குஞ்சு பொரிக்கும் இடமொன்றை மனிதர் முதன்முதலாகக் கண்டது இங்கேதான்.

1841இல் இக்கரையைக் கண்ட ஜேம்ஸ் கிளார்க் ராஸ், தம் துணைக்கப்பலான டெரரின் தலைவர் பிரான்சிஸ் குரோசியரின் பெயரை இதற்கு இட்டார். பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் டிஸ்கவரி பயணக்குழுவைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்கெல்டன், 1902 அக்டோபரில் பனிப்பரப்பில் எம்பரர் கூட்டத்தைப் பார்த்தார். அதற்குள் குஞ்சுகள் பொரிந்திருந்தன. அப்படியானால் முட்டையிடுவது கடுங்குளிர்காலத்தில்தான் என்று உணர்ந்தார் குழுவின் விலங்கியலாளர் எட்வர்ட் வில்சன்.

அந்த முட்டைகளைத் தேடி, ஸ்காட்டின் அடுத்த பயணத்தின்போது, 1911 ஜூன் 27 அன்று வில்சனும் குழுவினர் பவர்ஸ், செர்ரி-கராட் ஆகியோரும் தங்கள் முகாமிருந்த எவன்ஸ் முனையிலிருந்து புறப்பட்டனர். சூரியனே எழாத மாதம். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. சறுக்குவண்டிகளைத் தாங்களே இழுத்தனர். குளிர் -60 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கியது. எரிமலைக் கற்களால் குடில் கட்டித் தங்கியபோது புயல் கூடாரத்தை அடித்துச் சென்றது. பிறகு அது கையில் கிடைத்திராவிட்டால் மூவரும் திரும்பியிருக்க முடியாது. எடுத்த 5 முட்டைகளில் 3 மட்டுமே உடையாமல் வந்து சேர்ந்தன. கரு தன் வளர்ச்சியில் மூதாதையரின் வடிவங்களைக் கடந்து வரும், ஊர்வனவற்றின் செதிலே பறவையின் இறகானதா என்பதை அதில் காணலாம் என்பது வில்சனின் நம்பிக்கை. 1912 மார்ச்சில் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் அவரும் பவர்சும் ஸ்காட்டுடன் மாண்டனர். முட்டைகளை 1913இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தவர் செர்ரி-கராட். அவற்றால் புதிதாக அறியக் கிடைத்தது சொற்பமே என்று 1934இல் வெளியான ஆய்வு முடிவுசெய்தது. ஆயினும், அறிவுக்காக மனிதர் ஏற்ற துன்பங்களில் இதற்கு ஈடானவை மிகச் சில.

இம்முனையின் பனியற்ற சரிவுகளில் கோடைதோறும் கூழாங்கற்களைக் குவித்துக் கூடு கட்டும் அடேலி பென்குயின்கள் லட்சக்கணக்கில் உள்ளன. உலகின் மிகப்பெரிய அடேலி குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. எம்பரருக்குக் கூடு இல்லை. கரையோடு இறுகிய கடற்பனியில் நின்றபடி, ஆண் பறவை இரண்டு மாதத்துக்கும் மேலாக உணவின்றி முட்டையைப் பாதங்களின்மேல் வைத்து அடைகாக்கும். ஆகவே அந்தப் பனித்தளம் குலைந்தால் அவ்வாண்டின் குஞ்சுகளும் போயின. 2000இல் ராஸ் பனியடுக்கிலிருந்து பிரிந்த பி-15 என்னும் மாபெரும் பனிப்பாறையின் துண்டு இம்முனையருகே மோதி நிற்க, 2001இல் இக்கூட்டத்தில் ஒரு குஞ்சும் பிழைக்கவில்லை. பனிப்பாறை விலகிய பிறகே கூட்டம் மீண்டும் பெருகியது.

இன்று இது அண்டார்க்டிக் உடன்படிக்கையின் 124ஆம் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. அனுமதியின்றி நுழைய முடியாது. மூவரும் கட்டிய கற்குடிலின் எச்சங்கள் வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகின்றன.