விலங்கிட்ட கை எழுதிய மகிழ்ச்சி

துக்கத்தை எழுதுவது எளிது. மகிழ்ச்சியை எழுதுவதுதான் கடினம். கதை எழுதிப் பிழைக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அதிலும், தூக்குமேடைக்குக் காத்திருந்த ஒருவன் மனம் நிறைந்து மகிழ்ந்தான் என்று நான் ஒரு நாவலில் எழுதினால், "இது நடக்கிற காரியமா?" என்று வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ஆனால் அது நடந்திருக்கிறது. ஆகவேதான் கதையை ஒதுக்கி வைத்துவிட்டு இன்று சரித்திரத்தைச் சொல்ல வந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட நாட்களைத் திருவருகைக் காலம் என்பார்கள் கத்தோலிக்கர்கள். காத்திருப்பதற்கென்றே ஏற்பட்ட காலம் அது. குருமார் அப்போது ஊதா நிற உடை அணிவார்கள். அது தவத்தின் நிறம். மூன்றாவது ஞாயிறன்று மட்டும் ரோஜா நிறம் அணிவதுண்டு. மகிழச் சொல்லும் அழைப்போடு அன்றைய வழிபாடு தொடங்கும். அந்த அழைப்பு, பிலிப்பி நகரத்தாருக்குப் பவுல் எழுதிய கடிதத்திலிருந்து வந்தது. பவுல் அதை எழுதியதும் சிறையிலிருந்துதான். இந்தச் சிறிய விவரத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1944ஆம் ஆண்டில் அந்த மூன்றாம் ஞாயிறு டிசம்பர் 17ஆம் தேதி வந்தது. பெர்லின் நகரத்து டேகல் சிறையில் ஆல்பிரட் டெல்ப் என்ற முப்பத்தேழு வயதுப் பாதிரியார் அடைபட்டிருந்தார். நமக்கு வீரமாமுனிவரைத் தந்த அதே இயேசு சபையைச் சேர்ந்தவர். மூனிச் நகரில் ஒரு சிறு கோயிலைக் கவனித்து வந்தவரை அந்த ஆண்டு ஜூலை 28ஆம் தேதி பிடித்துக்கொண்டு போனார்கள். ஹிட்லரைக் கொல்லக் குண்டு வைத்த சதி தோற்று எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் சதியில் டெல்புக்குப் பங்கில்லை. ஹிட்லர் ஆட்சி ஒழிந்த பிறகு ஜெர்மனியை எப்படி நியாயமாக அமைப்பது என்று மோல்ட்கே பிரபுவும் அவருடைய நண்பர்களும் இரகசியமாகக் கூடி ஆலோசித்தார்கள். அந்தக் கூட்டங்களில் டெல்ப் கலந்துகொண்டார். சிந்தித்ததுதான் குற்றம்!

சிறையில் அவருடைய கைகளுக்கு விலங்கு பூட்டியிருந்தது. அந்தக் கைகளாலேயே எழுதினார். மரியானே ஹாபிக், மரியானே பூண்டர் என்று ஒரே பெயருடைய இரண்டு பெண்கள் அவருடைய அழுக்குத் துணிகளை வாங்கிப் போய் வெளுத்துக் கொண்டுவருவார்கள். துணியோடு துணியாகக் காகிதமும் சிறைக்குள் வந்தது. எழுதிய காகிதம் வெளியே போனது. கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தால் அவர்கள் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அந்த டிசம்பர் மாதத்தில் அவர் எழுதியவை திருவருகைக் காலத்துத் தியானங்கள். மூன்றாம் ஞாயிற்றுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் மகிழ்ச்சி. அவர் சொன்னதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன். மகிழ்ச்சி இல்லாமல் மனிதன் வாழ முடியாது. ஆனால், தன் சூழ்நிலையிலிருந்து அதைப் பிழிந்தெடுக்க நினைக்கிறவன் ஏமாந்து போகிறான். சூழ்நிலை மாறினால் அந்த மகிழ்ச்சியும் மாறிவிடும். கடவுளோடு மனிதனுக்கு உள்ள உறவு சீராக இருந்தால்தான் நிலைத்த மகிழ்ச்சி பிறக்கும். திருவருகைக் காலமே மனிதனை உலுக்கி எழுப்பி, "நீ தனியாக நிறைவடைந்தவன் அல்ல" என்று உணர்த்துவதற்காக ஏற்பட்டது என்பது அவர் கருத்து.

"மரண பயத்தில் மனிதன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்தானே இது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் அதை நெடுநேரம் யோசித்துப் பார்த்தேன். தன்னை ஏமாற்றிக்கொள்கிறவன் முதலில் தன் பயத்தை மறைப்பான். டெல்ப் மறைக்கவில்லை. தம்முடைய நடுக்கத்தையும், பிழைத்துவிட வேண்டும் என்ற ஆசையையும் கடிதங்களில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பயம் ஒரு பக்கம் இருக்க, அதன் அடியில் பயம் தொட முடியாத ஒன்றும் இருந்தது. அதைத்தான் அவர் மகிழ்ச்சி என்றார்.

அதற்குச் சோதனையும் வந்தது. இயேசு சபையை விட்டு விலகினால் விடுதலை தருவதாக இரகசியப் போலீசார் ஆசை காட்டினார்கள். அவர் இணங்கவில்லை. டிசம்பர் 8ஆம் தேதி, சிறைக்குள்ளேயே, தம் சபைக்குரிய இறுதி வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் உயிர் கிடைக்கும் என்றிருந்த இடத்தில் அந்த வார்த்தையைக் கொடுத்தார் என்பதை நாம் மறக்கக்கூடாது. சூழ்நிலை தரும் மகிழ்ச்சியை நம்பியவர் இதைச் செய்திருக்க முடியுமா?

1945 ஜனவரியில் மக்கள் நீதிமன்றம் என்ற பெயரில் நடந்த கொடுமன்றத்தில் விசாரணை. தலைமை நீதிபதி ரோலண்ட் பிரைஸ்லர். 11ஆம் தேதி மரண தண்டனை. பிப்ரவரி 2ஆம் தேதி பிளோட்சன்சே சிறையில் டெல்ப்பைத் தூக்கிலிட்டார்கள். இன்னும் சற்று நேரத்தில் உங்களைவிட எனக்கு அதிகம் தெரிந்திருக்கும் என்று சிறைக் குருவிடம் அவர் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அவருக்குக் கல்லறை கிடையாது; சாம்பலையும் தூவிவிட்டார்கள்.

மறுநாள் பெர்லின்மீது அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்தன. அதில் பிரைஸ்லர் மாண்டான். இதைத் தெய்வ தண்டனை என்று சொல்ல நான் வரவில்லை. குண்டு நல்லவன் கெட்டவன் பார்த்து விழுவதில்லை. அன்று குற்றமற்றவர்களும் செத்தார்கள். நான் சொல்ல வருவது வேறு. ஒருவன் கையில் அதிகாரம் அத்தனையும் இருந்தது. அது மேலும் ஒரே ஒரு நாள்தான் நிலைத்தது. இன்னொருவர் கையில் விலங்கு மட்டுமே இருந்தது. அந்தக் கை எழுதிய காகிதங்கள் போர் முடிந்தபின் நூலாக வெளிவந்து, இன்றும் திருவருகைக் காலத்தில் பலரால் படிக்கப்படுகின்றன.

காத்திருப்பது நமக்கெல்லாம் சலிப்பான வேலை. ரயிலுக்குக் காத்திருந்தாலும் முணுமுணுக்கிறோம். வருகிறவர் வந்தே தீருவார் என்று நம்புகிறவனுக்கோ காத்திருப்பதே பாதி விருந்து. விருந்து முழுவதையும் காணாமலே போன டெல்ப், அந்தப் பாதியைப் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து உண்டார். நமக்கும் கொஞ்சம் பங்கு வைத்துவிட்டுப் போனார்.