32 சதமும் இயற்கை அதிகரிப்பும்

உடப்புசல்லாவை ரயில்பாதை என்று பெயர் பெற்ற பாதை உடப்புசல்லாவையை எட்டவேயில்லை. நானுஓயாவிற் புறப்பட்ட அந்தச் சிறிய ரயில் நுவரெலியாவைக் கடந்து, 1904இல் ராகலையோடு நின்றுவிட்டது. 1940களில் அதுவும் மூடப்பட்டது. பத்திரிகைப் பணிக்காக முதன்முறை அவ்வூருக்குப் பஸ்ஸிற் போனபோது இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஓய்வு பெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர். "எங்கள் பிள்ளைகளுக்காகப் போட்ட சட்டங்களும் இப்படித்தான் தம்பி, ராகலை வரைக்கும் வரும்" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய பேச்சு நெடுநாள் மனதிற் கிடந்தது. பின்னர் பழைய சட்டங்களைத் தேடிப் படித்தபோதுதான் அதன் கனம் புரிந்தது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ், 1929 ஜனவரி முதல் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நாட்சம்பளம் விதிக்கப்பட்டது. பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்தக் கூடாதென்றும் அச்சட்டம் கூறிற்று. இதனை மனிதாபிமானம் என்று பாராட்டியவர்களும் உண்டு. ஆனால் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தை இதனருகே வைத்துப் பாருங்கள். தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்வது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்றது அது. பத்தாவது வயதிற் பள்ளிக்கூடம் முடிகிறது. அதே வயதிற் பெரட்டுக்களத்திற் பெயர் பதியலாம். இரு சட்டங்களுக்குமிடையே ஒருநாள் இடைவெளிகூட இல்லை! 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் எல்லைக்கு வெளியிலேயே கிடந்தன. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். அதற்குள் ஒரு தலைமுறை கொழுந்துக் கூடையோடு போய்விட்டது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இன்னும் விசித்திரமானது. அதன் பின்னர் லயன் காம்பராவிற் பிறந்த குழந்தைக்குப் பிறந்த மண் கணக்கில் இல்லை. தகப்பன் பிரஜையா என்பதே கேள்வி. தகப்பன் நாடற்றவனாயின் பிள்ளையும் தொட்டிலிலேயே நாடற்றது. 1964 அக்டோபரில் கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிகுதி 150,000 பேரின் தலைவிதியைப் பின்னர் பார்க்கலாமென விட்டு, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த எண்களுடன் ஒட்டியிருந்த ஒரு சொற்றொடர் 'இயற்கை அதிகரிப்பு' என்பது. பெற்றோர் எந்தப் பங்கில் விழுகிறார்களோ, பின்னர் பிறக்கும் குழந்தைகளும் அந்தப் பங்கில் விழுவார்கள் என்பது அதன் பொருள். பிள்ளை என்ற சொல்லையே தவிர்த்துப் பிள்ளைகளைக் குறிப்பிட்ட ஆவணம் அது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இதனை வாசிக்கும் அன்பர்கள் சிலர் அந்த இயற்கை அதிகரிப்பைச் சேர்ந்தவர்களாகவே இருப்பீர்கள். இங்கே எஞ்சிய நாடற்றோருக்கு உரிமை முழுமையாக வழிவிட்டது 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான். 1965இற் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது முப்பத்தெட்டு.

இடையில் 1970களின் பஞ்சம். 1974இல் தோட்டங்களின் சிசு மரண வீதம் தேசிய வீதத்தின் இரு மடங்கையும் தாண்டிற்று. அந்நாட்களை நினைவிற் கொண்ட முதியவர்கள் இன்றும் மரவள்ளிக் கிழங்கைக் கண்டால் முகம் மாறுகிறார்கள்.

அதன்பின் நிலைமை சீரடையவில்லை என்று சொன்னால் அது பொய். வயதுக்கேற்ற உயரமற்ற, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தோட்டத்துறையில் 2006-07இல் நூற்றுக்கு 40 பேர். 2016இல் 32 பேர். ஆனால் நாடளாவிய வீதமோ அந்த இரு ஆய்வுகளிலும் ஏறத்தாழ 17ஆகவே இருந்தது. ஏறக்குறைய இரு மடங்கு என்ற தூரம் அப்படியே இருக்கிறது. 2019இல் நாட்டின் வறுமை வீதம் 14.3, தோட்டத்துறையில் 33.8. பொருளாதார நெருக்கடி வருவதற்கு முந்திய கணக்கு இது. உடப்புசல்லாவைத் தேயிலை என்று உலகச் சந்தையில் ஒரு தனி வகையே உண்டு என்பதையும் இவ்விடத்திற் சொல்லி வைக்கிறேன்.

இறுதியாகத் தொகைமதிப்பு. 1946இல் இந்தியத் தமிழர் எனப் பதிவானோர் நாட்டின் 11.7 வீதம், இலங்கைத் தமிழரைவிட எண்ணிக்கையிற் கூடியவர்கள். 1981இல் 5.5 வீதம், 2012இல் 4.1 வீதம் (839,504 பேர்). 2024இல் 2.8 வீதம், அதாவது ஏறத்தாழ ஆறு இலட்சம். 1981 வரையான சரிவுக்குக் கப்பலேறியவர்கள் காரணம். பிந்தியதற்கு அப்படி ஒரு கப்பல் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் இத்தனை பேர் மறைந்துவிடவில்லை. 'இலங்கைத் தமிழர்' என்ற கட்டத்திற் பலர் பதிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. நகரத்துக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் இளைஞர்களுக்குத் தோட்டத்து முகவரியே ஒரு சுமை. சிலர் அதனை உதறுவதில் வியப்பில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எனினும், பிள்ளைகளுக்கான பாடசாலையையும் மருத்துவமனையையும் தலைகளை எண்ணியே ஒதுக்கும் நாட்டில் இந்தக் குறைந்த எண் யாரைத் தாக்கும் என்பதை மலையகக் கட்சிகள் இன்னும் உரத்துப் பேசவில்லை.

தீபாவளி முடிந்த வாரத்தில் உடப்புசல்லாவைக் கடைவீதிக்குப் போய்ப் பாருங்கள். கொழும்பு பஸ்ஸுக்காகப் பயணப் பைகளோடு நிற்பவர்களில் இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.